எடை குறைகிற குதிரை

ஜூன் 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வேறு யார் உனக்கு இவ்வளவு கோணல் கையெழுத்தில் எழுதப்போகிறார்கள்? போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் கடிதத்தில் எழுதுங்கள் என்று நீ சொல்லிவிட்டாய். கடைக்குப் போய் ஒரு கட்டுத் தாள் வாங்கி வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். நான் இங்கே கத்துவது உனக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதற்குள் எதற்குக் கத்தினேன் என்று எனக்கே மறந்திருக்கும்.

உன் மாப்பிள்ளையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போய்வந்துகொண்டிருந்த குதிரையேற்றப் பள்ளியை மூடின அன்றைக்கு, எல்லாக் குதிரைக்கும் ஆள் வந்துவிட்டது, இவனுக்கு மட்டும் யாரும் வரவில்லை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாயே, அன்றைக்கே இந்தப் பெயரை வைத்துவிட்டேன். பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் அவனை வேறு என்னவென்று கூப்பிடுவது?

நீ அந்த முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிப் போய் இரண்டு மாதமாகிறது. அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். நீ சொல்லிவிட்டுப் போன அளவுப்படியே காலையும் மாலையும் தீவனம், நடுவில் உலர்ந்த புல். ஒரு துரும்பு மிச்சம் வைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாமனார் மாதிரியே மாப்பிள்ளை. ஆனால் நான் சாப்பிட்டது எங்கே போகிறது என்று என் சட்டைப் பொத்தானைக் கேட்டால் சொல்லும். அவன் சாப்பிட்டது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. விலா எலும்பு வெளியே தெரிகிறது.

கண்ணால் பார்த்துச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அதனால் வாராவாரம் அவனை நான் வேலை செய்யும் எடை மேடைக்கே நடத்திக்கொண்டு போகிறேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே அவனையும் வரிசையில் நிறுத்துகிறேன். முதல் தடவை, முன்னால் நின்ற சிமெண்ட் லாரியின் டிரைவர், நம் பல்லன்தான், கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, லோடு தானா நடந்து வருது?" என்றான். தனியாக விட்டால் நகர்ந்துவிடுவான் என்பதால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் மேடையில் நிற்பேன். பிறகு என் எடையைக் கழித்துக்கொள்வேன். என் எடையை நான் யோக்கியமாகச் சொல்கிறேனா என்று கேட்காதே.

வாரத்துக்கு வாரம் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. இவ்வளவு சாப்பிடுகிறவன் எப்படி இளைப்பான்? மேடைதான் பழுது என்று முடிவு செய்து முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லாரிக்காரர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. குறைத்துக் காட்டினால் அவர்களுக்குக் கசக்குமா? மெக்கானிக் வர நாளாகுமாம். வந்து சரி செய்ததும் மாப்பிள்ளையின் உண்மையான எடையை எழுதுகிறேன்.

மற்றபடி லாயத்தின் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன். மேடையின் விளிம்புக்கு அடித்தது போக மிச்சமிருந்த மஞ்சள். இருட்டிலும் பளிச்சென்று தெரிகிறது. அவன் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவனுக்கும் உன் ரசனைதான்.

அப்பா


ஜூன் 20

அப்பா,

கடிதம் வந்தது. கூட வேலை பார்க்கும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்பச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சிரிப்பை எடுத்துவிட்டால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு குதிரை வாராவாரம் இளைத்துக்கொண்டே போகிறது. நீங்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அப்பா.

அவனை மாப்பிள்ளை என்று எழுதாதீர்கள். அவன் பெயர் சாம்பல். எட்டு வருடமாக அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது என்னைத் திரும்பி வரவைக்க நீங்கள் போடும் நாடகமாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நினைத்தது தப்பா? போன வருடம் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லி என்னைப் பயிற்சி முகாமிலிருந்து பாதியில் வரவழைத்தீர்கள். பதறிக்கொண்டு ஓடிவந்தால் அதே படியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நீங்கள் எழுதுவதில் பாதியைத்தான் நம்புகிறேன். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது? சாணம் எப்படி? நிற்கும்போது நடுங்குகிறானா? படுத்தால் தானாக எழுகிறானா? இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

பேருந்து நிலையத்தில் நீங்கள் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். "தொட்டதையெல்லாம் பாதியில விட்டுட்டுப் போறவ நீ." பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டே சொன்னீர்கள். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.


ஜூலை 3

அன்புள்ள மகளுக்கு,

ஜோக் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். முயற்சி செய்கிறேன். வாழ்நாள் பழக்கம், பீடியை விடுவது இதைவிடச் சுலபமாக இருந்தது.

மெக்கானிக் வந்தார். இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாக மேடையில் தூக்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையில் ஒரு குறையும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் காட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் கொஞ்ச நேரம் மேடை மேலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மெஷின் பொய் சொல்கிறது என்று நம்பிக்கொண்டு நான் விட்டுவைத்த நாட்களை விரல்விட்டு எண்ணினேன். மேடையை நம்பித்தான் சோறு தின்கிறேன். அது உண்மை சொன்ன ஒரு தடவை நான் நம்பவில்லை.

அன்றைக்கே நம் ஊர் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். நீ கேட்டதற்குப் பதில். ஈறு வெளிறவில்லை. சாணம் சரியாக இருக்கிறது. நிற்கும்போது நடுங்குகிறான். பின்தொடைச் சதை உலையில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும்போது அசையுமே, அப்படி அசைகிறது. ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி வைக்கிறான், எவ்வளவு நேரம் நின்றாலும் நிற்கச் சரியான இடம் கிடைக்காதவன் மாதிரி. நடக்கவிட்டால் நடுக்கம் குறைகிறது. இதுதான் டாக்டரம்மாவுக்கே புரியவில்லை. சாதாரணமாக நோய்ப்பட்ட குதிரை நடக்க மறுக்குமாம், நிற்கத் தயங்காதாம்.

பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார், லாடத்தைக் கழற்றி மாட்டினார், ரத்தம் எடுத்தார். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டார். "எங்கயாவது பலமா விழுந்திருக்கா? முதுகு அடிபட்டிருக்கா?" என் வீட்டுக்கு வந்தது முதல் விழவில்லை, அதற்கு முந்தின கதை என் மகளுக்குத்தான் தெரியும், கேட்டு எழுதுகிறேன் என்றேன். விழுந்ததா என்று எழுது.

பேருந்து நிலையத்தில் நான் சொன்னதைப் பற்றி. அன்றைக்கு உன் பெட்டி ரொம்பக் கனம். அவ்வளவு கனமான பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவள் சீக்கிரம் திரும்பி வரமாட்டாள் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

அப்பா


ஜூலை 14

அப்பா,

பெயிண்ட். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். நக்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புக்கு அடிக்கிற பெயிண்டில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்கே சுரண்டி எடுங்கள். கதவையே கழற்றிப் போட்டாலும் பரவாயில்லை. ரத்தத்தில் ஈய விஷம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் நக்கினான்? கடித்தானா? கதவின் விளிம்பில் பல் பட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டரம்மா நல்லவராக இருக்கலாம். ஆனால் நாயும் பூனையும் பார்க்கிறவர். கால்நடைக் கல்லூரியிலிருந்து குதிரை பார்க்கிறவர்களை வரவழையுங்கள். அங்கே சொன்னால் வருவார்கள், பள்ளிக்கு வந்திருக்கிறார்கள்.

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவருக்குப் போன மாதம் கொஞ்சம் எடை குறைந்தது. உடனே நாலு பேர் கூடிப் பேசினார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று என்னைத்தான் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பேசி முடித்து வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவருடைய அப்பாவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிகிறது. என் குதிரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் அவனுக்குப் பிடிக்கும். இடது காது. செய்கிறீர்களா?


ஆகஸ்ட் 2

அன்புள்ள மகளுக்கு,

இடது காதுதான். நான் இத்தனை நாள் வலது காதைச் சொறிந்துகொண்டிருந்தேன், மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

கதவைக் கழற்றிச் சுரண்டினேன். பல்லன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பல் பட்ட இடம் இருந்தது. கீழ் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

கல்லூரியிலிருந்து ஒரு பெரிய டாக்டரும் இரண்டு மாணவிகளும் வந்தார்கள். காலையில் ஆரம்பித்து மதியம் வரைக்கும் பார்த்தார்கள். நடக்கவைத்து, திருப்பி, பின்னால் போகவைத்து, வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, கண்ணைக் கட்டிக் காலைத் தூக்கவைத்து. கடைசியில் அந்தப் பெரிய டாக்டர் லாயத்துத் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் சுத்தமா இருக்கு. வயிறு வேலை செய்யுது. நெஞ்சு நல்லா இருக்கு. இது என்னன்னு எங்களுக்குப் புரியலைங்க" என்றார். படித்தவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது, பயமும் வந்தது.

மூன்று சாத்தியம் சொன்னார். நரம்பு தானாகவே கெட்டுப்போகும் ஏதோ ஒரு நோய். அல்லது முன்பு உள்ளே போன விஷம்: அது ரத்தத்தை விட்டு எலும்பில் போய்ப் பதுங்கிக்கொண்டால் சோதனையில் பிடிபடாதாம். அல்லது முதுகெலும்பில் பழைய அடி: அவ்வளவு பெரிய உடம்பைப் படம் பிடிக்கும் எந்திரம் அவர்களிடம் இல்லை. உயிரோடு இருக்கும்போது எது என்று சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

விழுந்ததா என்று அவரும் கேட்டார். போன கடிதத்தில் எழுதியிருந்தேன், நீ வேலைக் களைப்பில் விட்டிருப்பாய். எழுது.

இப்போது அவன் நாலு காலையும் ஒன்று சேர்த்து நிற்கிறான், சின்னப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினது மாதிரி. படுத்தே இருக்கிறான் அதிகம். படுத்துக்கொண்டே சாப்பிடுகிறான். சாப்பாட்டை மட்டும் விடவில்லை. எழுந்திருக்க மூன்று தடவை முயற்சி செய்கிறான், மூன்றாவதில் எழுந்துவிட்டு என்னைப் பார்க்கிறான். பல்லன் லாரியில் சரக்குக் கட்டும் அகலமான பட்டைகளைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். முடியாதபோது வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்குகிறோம். எடை மேடைக்கு இப்போது போவதில்லை. எண் தெரிந்து என்ன செய்ய?

பெரிய டாக்டர் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் பட்டை போட்டும் எழுந்திருக்க மாட்டான். அன்றைக்கு என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள் என்றார். குதிரை உன்னுடையது. நீ சொல்.

அப்பா


ஆகஸ்ட் 11

அப்பா,

மாதக் கடைசியில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். முப்பதாம் தேதி கிளம்பலாம் என்கிறார்கள். அதுவரைக்கும் வைத்திருங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது. வைத்திருங்கள்.

முடியவில்லையென்றால் வலி இருக்கக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வேறு யாரும் அவன் தலையைப் பிடிக்க வேண்டாம்.

அதற்கப்புறம் உடம்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது சொல்ல முடியாது என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. முதுகெலும்பையும் எலும்பையும் எல்லாவற்றையும் பார்க்கட்டும். எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் என்னால் முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்கிறேன். இங்கே மணி அடிக்கிறார்கள். போக வேண்டும்.


ஆகஸ்ட் 27

அன்புள்ள மகளுக்கு,

கடிதம்தான் என்ற நம் ஏற்பாட்டை மீறி இருபத்து நாலாம் தேதி போன் செய்தேன். வேறு வழி தெரியவில்லை. நீ "முடிச்சிடுங்கப்பா" என்றாய். "திறந்து பாக்கச் சொல்லுங்க" என்றாய். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை, ஆனால் இருவரும் போனை வைக்கவும் இல்லை. இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது, சண்டை வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. நான், பல்லன், இன்னும் இரண்டு டிரைவர்கள், பட்டை போட்டுத் தூக்கினோம். முன்னங்கால் நின்றது, பின்னங்கால் துணி மாதிரி மடிந்தது. மறுபடி தூக்கினோம். மூன்றாவது தடவை பல்லன் பட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நாம அவனுக்காகத் தூக்குறமா, நமக்காகத் தூக்குறமா?" என்றான். எப்போதும் கிண்டல் பேசுகிறவன். அதற்கப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன்.

டாக்டரம்மா வந்தார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன், வேறு யாரும் இல்லை. இடது காதைச் சொறிந்தேன். மற்றக் கையில் தீவனம் வைத்திருந்தேன். ஊசி போடும் வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வாய் அப்படியே உள்ளங்கையில் நின்றுவிட்டது. சாம்பல் என்றுதான் கூப்பிட்டேன்.

கல்லூரியிலிருந்து பெரிய டாக்டரும் சாமான் பெட்டியோடு வந்து நின்றார். திறக்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

கோபப்படுவாய். படு. ஆனால் என் கணக்கைக் கேள். நோய் தானாக வந்தது என்றால் யார் மேலும் தப்பில்லை. விஷம் என்றால் அது நான், என் மஞ்சள் பெயிண்ட். பழைய அடி என்றால், அது பள்ளியில் நடந்த ஏதோ ஒன்று. விழுந்ததா என்று இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை நீ அந்த இடத்தைத் தாண்டிப் போனாய். இரண்டாவது தடவை மணி அடித்துவிட்டது. அப்புறம் நான் கேட்காமல் விட்டது மறந்துபோய் அல்ல.

பதில் நானாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. பல்லன் இருக்கிறான், மேடை இருக்கிறது, திட்டுவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் ஒரு டீ குடித்தால் தாங்கிக்கொள்வேன். பதில் நீயாக இருந்தால், அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள்? மணி அடித்தால் எழுந்து போய் யாரையோ குளிப்பாட்ட வேண்டியவள் நீ. அதைச் சுமந்துகொண்டு எப்படிப் போவாய்? மூன்றில் ஒன்று உன் பக்கம் விழும் என்றால் அந்தச் சீட்டை நான் எடுக்க மாட்டேன். பெரிய டாக்டர் சங்கடப்பட்டார். படிப்புக்கு உபயோகமாக இருக்கும் என்றார். என் மகளும் ஒரு படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள், அது கெட்டுவிடும் என்று ஏதோ உளறினேன். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் முதலாளியின் காலி இடத்தில் எந்திரம் வைத்துக் குழி வெட்டிப் புதைத்தோம். டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அப்பா


செப்டம்பர் 7

அப்பா,

விடுப்பை ரத்து செய்துவிட்டேன். இப்போது வந்தால் வெறும் லாயத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச நாளாகட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் எனக்காக முடிவு செய்துவிட்டீர்கள், வழக்கம்போல. நல்லதற்காக என்கிறீர்கள், வழக்கம்போல. தெரிந்திருந்தால் ஒரே ஒரு தடவை அழுதிருப்பேன். இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு நாள் உங்களைச் சந்தேகப்படுகிறேன். கதவின் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளம் கண் முன்னால் நிற்கிறது. மறுநாள் என்னைச் சந்தேகப்படுகிறேன். பள்ளியில் நடந்தது என்ன என்று நீங்கள் இப்போது கேட்பதில்லை, நானும் எழுதப்போவதில்லை.

உங்களைச் சந்தேகப்படுகிற நாளில் கொஞ்சம் தூக்கம் வருகிறது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.


செப்டம்பர் 18

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

அப்படியென்றால் வாரம் முழுக்க என்னையே சந்தேகப்படு. ஒரு நாள் நான், ஒரு நாள் நீ என்று முறை போட்டுக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. உன் அம்மா இருந்தவரைக்கும் அந்த வேலையைத்தான் பார்த்தாள், நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன்.

பெயிண்ட் என்றே வைத்துக்கொள். மஞ்சள் பெயிண்ட், கீழ் விளிம்பு, உன் அப்பன். எல்லாம் பொருந்துகிறது.

நன்றாகத் தூங்கு.

அப்பா